பாரிசவாதமும் அதன் சாயலும்

உக்குவளையில் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் சோர்ந்துவிட்டால், மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வண்டி புறப்படுமுன்பே அயல்வீட்டார் நோய்க்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பாரிசவாதம். அந்தப் பெயர் பெரும்பாலும் சரியாகவே அமையும். பிரஷரும் சீனியும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், ஒரு பக்கம் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையான பாரிசவாத நோயாளிகளே. மிகச் சிலருடைய கதை மட்டும் வேறு. அவர்களுடைய மூளையில் ஒரு தொற்று குடியேறியிருக்கும். அதற்கு வாசல் திறந்துவிட்டது, தமக்கு இருக்கக்கூடும் என்று அவர்கள் ஒருநாளும் எண்ணாத எச்.ஐ.வி.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேற்றுமைகளைத் தேடித்தான் பார்க்கத் தொடங்குகிறோம். ஆனால் கூர்ந்து பார்க்கப் பார்க்க, எதிர்பாராத உறவுகளே அதிகம் தென்படுகின்றன.

வெளித்தோற்றம் ஒத்திருப்பதில் புதுமை இல்லை. கையையும் காலையும் இயக்கும் நரம்பிழைகள் மூளையிலிருந்து ஒரு குறுகிய பாதையாகத் திரண்டு இறங்குகின்றன. அந்தப் பாதை எதனால் கெட்டாலும் கை ஒரே விதமாகத்தான் விழும். வியப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளையில் விரும்பித் தாக்கும் இடம், ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள். எச்.ஐ.வி. முற்றியவர்களின் மூளையில் டொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி விரும்பிக் கட்டி எழுப்பும் இடங்களிலும் முதன்மையானது அதே அடித்தள முடிச்சுகள்தான். ஒன்று குழாயின் நோய், மற்றது கிருமியின் நோய். ஆனாலும் இரண்டும் ஒரே அறையின் கதவைத் தட்டுகின்றன.

காரணத்தைப் புரிந்துகொள்ள உக்குவளைக்காரர்கள் தொலைவில் தேடவேண்டியதில்லை. 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பங்கு பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, மலைக்கு அடியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, பிறகு சுது கங்கையோடு போகிறது. அடித்தள முடிச்சுகளுக்கு இரத்தம் போகும் விதமும் ஏறக்குறைய இதுதான். மூளையின் பெரிய தமனியிலிருந்து மயிரிழைக் குழாய்கள் செங்குத்தாகப் பிரிந்து, பெரிய ஆற்றின் அழுத்தத்தைச் சிறிய உடம்பில் தாங்கிக்கொண்டு ஆழத்துக்குப் போகின்றன. சுரங்கம் அடைபட்டாலும் உடைந்தாலும் மின்நிலையம் நிற்கும். சுரங்கம் நன்றாக இருக்க, நீரோடு வந்த ஏதோ ஒன்று சுழலியில் சிக்கினாலும் நிற்கும். பாரிசவாதத்தில் வழி கெடுகிறது. தொற்றில், அந்த வழியே வந்தது கெடுக்கிறது. டொக்சோபிளாஸ்மா பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் படுத்த உறையிலிருந்து விழிக்கலாம். உடலின் வேறு இடத்தில் விழித்து இரத்தத்தோடு வந்தும் சேரலாம். ஊரில் இருப்பவருக்கோ இரண்டு வகையிலும் விளக்கு அணைந்ததுதான் தெரியும்.

இந்த உறவுக்கு இன்னொரு சாட்சி, மூளையில் அவரை விதையளவே உள்ள ஒரு முடிச்சு. அது கெட்டால் கை விழாது. மாறாக, நோயாளி நினையாமலே ஒரு பக்கக் கையும் காலும் விசிறி எறிந்ததுபோல ஆடும். வயதானவருக்கு இப்படி வந்தால் சிறிய பாரிசவாதம் என்று ஐயுறுவது நெடுங்கால வழக்கம். எய்ட்ஸ் காலம் வந்த பிறகு நரம்பியல் மருத்துவர்கள் இன்னொன்றையும் கற்றுக்கொண்டார்கள்: இளையவருக்கு இந்த ஆட்டம் வந்தால் டொக்சோபிளாஸ்மாவையும், அதன் பின்னால் நிற்கும் எச்.ஐ.வி.யையும் தேடவேண்டும்.

இனிக் காலத்துக்கு வருவோம். இரண்டையும் பிரிப்பது கடிகாரம் என்றே பாடநூல்கள் தொடங்குகின்றன. பாரிசவாதம் ஒரு நொடியில் வரும். பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸில் ஏறும்போது என்று நேரத்தைச் சுட்டிச் சொல்ல முடியும். தொற்று நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் வரும். தலையிடி, மந்தம், பேச்சில் ஒரு தடுமாற்றம், மெலிவு, பிறகுதான் கை சோர்வு. ஆனால் இந்தக் கடிகாரம் இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடியது. சிறுகுழாய்ப் பாரிசவாதம் சில வேளை இரண்டு மூன்று நாளாகத் தயங்கித் தயங்கி முற்றுகிறது. தொற்றோ சில வேளை இடிபோல இறங்குகிறது. கட்டி வலிப்பைத் தூண்டுகிறது. வலிப்பு ஓய்ந்தபின் கை மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. இந்தத் தற்காலிகச் செயலிழப்பை 1849இல் விவரித்த ராபர்ட் பென்ட்லி டொட்டின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். வலிப்பை யாரும் கண்ணால் காணாவிட்டால், காலையில் கை விழுந்து கிடக்கும் மனிதர் மட்டுமே எஞ்சுகிறார்.

கேட்கும் கேள்வியிலும் ஒரு பொறி இருக்கிறது. "எப்போது தொடங்கியது?" என்று மருத்துவர் கேட்கிறார். வீட்டார் விழுந்த நேரத்தைச் சொல்கிறார்கள். கேள்விக்கு அது சரியான பதில்தான். அதற்கு முந்திய மூன்று கிழமைத் தலையிடியை அவர்கள் மறைக்கவில்லை. அது வேறு வருத்தம் என்று அவர்கள் மனதில் பிரிந்து கிடக்கிறது. காய்ச்சலும் இப்படியே. தொற்று உள்ள எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. பாரிசவாதத்தில் படுத்தவருக்கோ சளியாலும் சிறுநீர்த் தொற்றாலும் நாலைந்து நாளில் காய்ச்சல் வருவது வழமை. ஆகவே வாட்டில் காய்ச்சலைக் கண்டவர்கள் அதற்கு ஒரு நியாயமான காரணத்தை எளிதில் கண்டுவிடுகிறார்கள்.

ஸ்கேன் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். தீர்த்துவைக்கக்கூடியதுதான், ஆனால் அதனிடம் சரியாகக் கேட்டால். பாரிசவாதம் என்று வந்தவருக்கு முதலில் எடுப்பது மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன். இரத்தக் கசிவு உண்டா இல்லையா என்று உடனே அறிய அதுவே போதும். அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் முதல் சில மணிநேரம் அந்தப் படம் இயல்பாகவே தோன்றலாம். பிறகு ஒரு கருநிழல் தெரியும். தொற்றுக் கட்டியைச் சுற்றிய வீக்கமும் அதே படத்தில் ஒரு கருநிழல்தான். மருந்து ஏற்றி மீண்டும் எடுத்தால் மட்டுமே கட்டியைச் சுற்றி வெண்வளையம் ஒளிரும். அதாவது பாரிசவாதத்துக்கு விரைவாகவும் சரியாகவும் செய்யும் வேலையே தொற்றின் அடையாளத்தை மறைத்துவிடுகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டு நோய்களும் ஒரே கருவியிடம் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன, அவ்வளவுதான்.

பழகிய கண் படத்தில் வேறு குறிப்புகளையும் படிக்கும். பாரிசவாத நிழல் ஒரு தமனியின் எல்லைக்குள், வரப்புக் கட்டிய வயல்போல நிற்கும். மூளையின் சாம்பல் விளிம்பையும் சேர்த்தே விழுங்கும். தொற்றின் வீக்கம் வரப்பை மதிக்காது. வெண்பகுதியில் விரல்விரலாக ஊர்ந்து, சாம்பல் விளிம்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். பாரிசவாதம் பெரும்பாலும் ஓரிடம், தொற்று பல இடம். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை நான் இத்தனை முறை எழுத வேண்டியிருப்பதே இந்த ஒப்பீட்டின் இயல்பைச் சொல்லும். ஜே.சி. வைரஸ் மூளையின் வெண்பகுதியை அரிக்கும் நோயில் வீக்கமும் இருக்காது, வளையமும் பெரும்பாலும் இருக்காது. கிழமைக்குக் கிழமை நிழல் பெருகுவது ஒன்றே அது பாரிசவாதம் இல்லை என்று காட்டும்.

இதுவரை இரண்டும் தனித்தனி நோய்கள், ஒன்று மற்றதன் வேடத்தில் வருகிறது என்று பேசினோம். இங்கே அந்த எல்லையே கரைகிறது. தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. நோயாளிகளின் மூளையை நீண்டகாலம் கவனித்த நிறுவனம் பெங்களூரு நிம்ஹான்ஸ். 1989 முதல் 1996 வரை அங்கே கண்ட நரம்பியல் நோய்களின் தொகுப்பு 2000இல் வெளிவந்தது. மேற்கு நாடுகளில் டொக்சோபிளாஸ்மா பெரிதாகப் பேசப்பட்ட காலத்தில், நம் பக்கத்தில் கிரிப்டோகொக்கஸ் பூஞ்சையும் காசநோயும் முன்வரிசையில் நின்றன. இந்த இரண்டும் பாரிசவாதத்தைப் போல நடிப்பதோடு நிற்பதில்லை. பாரிசவாதத்தை உண்டாக்கவும் செய்கின்றன. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது மூளையின் அடியில் தடித்த கசிவு படிகிறது. அதன் நடுவே செல்லும் தமனிகள் வீங்கி, ஒடுங்கி, அடைகின்றன. விளைவு உண்மையான பாரிசவாதம், அதுவும் மீண்டும் அதே அடித்தள முடிச்சுகளில். மேகநோய் மூளைத் தமனிகளைத் தாக்கினாலும் இப்படியே. அக்கி இன்னும் விந்தையானது: கண்ணைச் சுற்றி அக்கி வந்து ஆறிச் சில கிழமைக்குப் பிறகு, அந்த வைரஸ் நரம்பு வழியே தமனியை அடைந்து, உடலின் எதிர்ப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். எச்.ஐ.வி.யும் தன் பங்குக்குக் குழாய்களைக் கெடுத்து, பாரிசவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்த இடத்தில் பாரிசவாதமா தொற்றா என்ற கேள்வியே பிழையாகிவிடுகிறது. பாரிசவாதம் என்ற முடிவு முழுக்கச் சரியாக இருக்கலாம். அப்போதும் நோய் தவறவிடப்பட்டிருக்கலாம். இந்தக் கலப்பு மருந்துப் பெட்டியிலும் தெரிகிறது. அஸ்பிரின் பாரிசவாத வாட்டின் அன்றாட மாத்திரை. அதே அஸ்பிரினை, மூளையுறைக் காசநோயில் வரும் பாரிசவாதத்தைத் தடுக்குமா என்று இலக்னோ மருத்துவர்கள் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள்.

சிகிச்சையில்தான் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணிநேரத்துக்குள் ஏற்றவேண்டும். பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஜெஃப்ரி சேவர் 2006இல் போட்ட கணக்கு. போனது போனதுதான், பிறகு மீள்வதெல்லாம் எஞ்சிய மூளை கற்றுக்கொள்வது. டொக்சோபிளாஸ்மாவில் ஓட்டம் இவ்வளவு வேகமில்லை. ஆனால் மீட்சியின் அளவு வியக்கத்தக்கது. மருந்துக்கு இணங்குபவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் 14 நாளுக்குள் முன்னேற்றம் தெரிந்துவிடும். கை அசைகிறது, பேச்சு திரும்புகிறது. அந்த முன்னேற்றத்தையே நோயறிதலாகக் கொள்வதும் உண்டு. மூளையைத் திறந்து துணுக்கு எடுப்பது, மருந்து பலிக்காதபோதுதான். பாரிசவாதம் என்று தவறாகப் பெயரிடப்பட்டவர் இழப்பது இதைத்தான். திரும்பி வரக்கூடிய ஒரு கையை, இனி வராத கை என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எண்ணெய் தேய்ப்பதும் கால் பயிற்சி கொடுப்பதும் அன்பான வேலைகள். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அவசரத்திலும் ஒரு எதிரெதிர்ப்பு உண்டு. பாரிசவாதத்தில் மருந்து தாமதிக்கக்கூடாது. தொற்றில், தொற்றுக்கான மருந்து தாமதிக்கக்கூடாது, எச்.ஐ.வி.க்கான மருந்தோ சில வேளை காத்திருக்கவேண்டும். கிரிப்டோகொக்கஸ், காசநோய் ஆகிய மூளையுறைத் தொற்றுகளில் எதிர்ப்பாற்றலை உடனே தட்டியெழுப்பினால் அது மூளைக்குள்ளேயே பெருங்கலவரம் செய்யும். ஆகவே சில கிழமை பொறுத்தே தொடங்குகிறார்கள்.

இனி இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் உறவு. அது பாரிசவாதத்துக்கும் தொற்றுக்கும் இடையே உள்ளதன்று. அவற்றின் தாய்நோய்களுக்கு இடையே உள்ளது. பாரிசவாதத்தின் பின்னால் பிரஷர் நிற்கிறது. தொற்றின் பின்னால் எச்.ஐ.வி. நிற்கிறது. பிரஷர் பத்துப் பதினைந்து ஆண்டு ஓசையில்லாமல் குழாய்களை அரிக்கும். எச்.ஐ.வி.யும் மருந்தில்லாதவரிடம் ஏறத்தாழப் பத்தாண்டு ஓசையில்லாமல் எதிர்ப்பாற்றலைத் தாங்கும் சி.டி.4 அணுக்களைக் குறைக்கும். அந்த எண்ணிக்கை 100க்குக் கீழே போகும்போதுதான் டொக்சோபிளாஸ்மா பெரும்பாலும் விழிக்கிறது. இரண்டும் வலிக்காது. இரண்டையும் மலிவான ஒரு சோதனையில் கண்டுவிடலாம். இரண்டுக்கும் முற்றான தீர்வு இல்லை. இரண்டையும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையால் ஆயுள் முழுதும் அடக்கி வைக்கலாம். இரண்டிலும் மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர் பேரப்பிள்ளைகளைக் கண்டு முதிர்வார். எச்.ஐ.வி.யில் இன்னொரு நன்மையும் சேர்கிறது: இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு வழியே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. மருத்துவக் கண்ணுக்கு இவை இரண்டும் அக்கா தங்கைபோல.

ஊரின் கண்ணுக்கு அப்படியில்லை. பிரஷர் கிளினிக் கொப்பியை மக்கள் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள்; பக்கத்து இருக்கைக்காரரோடு மாத்திரையின் பெயரைப் பேசிக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. கிளினிக் கொப்பியை அப்படிக் காட்ட எவராலும் முடிவதில்லை. பாரிசவாதம் குடும்பத்தின் நோய். செய்தி கேட்டு உறவு முழுதும் பழங்களோடு வந்து நிற்கும். எச்.ஐ.வி. ஒருவருடைய தனிநோயாக, சுவருக்குள் அடைபட்ட நோயாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பாரிசவாதம் என்ற பெயர் ஒரு நோயறிதலாக மட்டும் வேலை செய்வதில்லை. எல்லோருக்கும் ஆறுதல் தரும் பெயராகவும் வேலை செய்கிறது. நோயாளிக்கு ஆறுதல், வீட்டாருக்கு ஆறுதல், சங்கடமான கேள்வியைக் கேட்கவேண்டாதபடியால் மருத்துவருக்கும் ஆறுதல். ஸ்கேனிலும் கடிகாரத்திலும் வரும் பிழைகளைவிட இந்த ஆறுதலே பெரிய பிழைக்கு வழி செய்கிறது என்பது என் எண்ணம்.

இலங்கையில் மருத்துவருக்கு எச்.ஐ.வி. என்ற எண்ணம் தோன்றாமல் போவதற்கு நேர்மையான காரணமும் உண்டு. இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதலில் அறியப்பட்டது 1987இல். அதற்கு ஓராண்டு முன்னர், 1986இல், சென்னையில் சுனிதி சொலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டறிந்தார்கள். பிறகு இரண்டு கரைகளும் வேறு வழியில் போயின. தமிழ்நாடு பெரும் சுமையைச் சந்தித்தது. தாம்பரம் மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவர்களின் கண் இந்த நோய்க்குப் பழகிவிட்டது. இலங்கையில் நோய் மிக அரிதாகவே இருந்தது. வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அரிதாயிருப்பது நாட்டின் நல்வாய்ப்பு. ஆனால் அரிதான நோய் மருத்துவரின் நினைவில் கடைசியில்தான் வரும். தாம்பரத்தில் முதல் கேள்வியாக இருப்பது மாத்தளையில் பத்தாவது கேள்வியாக இருக்கலாம்.

ஆனாலும் இதே நாடு, வெட்கத்தை எப்படிக் கடப்பது என்று உலகுக்குக் காட்டியிருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார அமைப்பு 2019இல் இலங்கையை ஏற்றுக்கொண்டது. வழி எளிது: கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் சோதனை. உக்குவளையிலும் கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரத்தம் கொடுக்கும்போது அதில் எச்.ஐ.வி. சோதனையும் அடங்கும். யாரும் நாணுவதில்லை, ஏனெனில் யாரையும் பிரித்து எடுப்பதில்லை. ஆனால் இந்த வலை பிள்ளைபெறும் வயதுப் பெண்களைத்தான் தொடுகிறது. பாரிசவாதம் என்று வாட்டுக்கு வருபவர்களோ பெரும்பாலும் நடுவயது கடந்த ஆண்களும், பிள்ளைப்பேறு முடிந்து நெடுங்காலமான பெண்களும். வலை முடியும் இடத்தில்தான் நம் ஒப்பீட்டின் மனிதர்கள் நிற்கிறார்கள்.

ஒரு தயக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. பேச்சிழந்து கிடப்பவரிடம் சம்மதம் கேட்பது எப்படி? பாரிசவாதத்தில் மகன் பதில் சொல்லலாம், எச்.ஐ.வி. பற்றிய முடிவோ முதலில் நோயாளிக்கே உரியது. அவருக்கு விளங்குமானால் அவரிடமே கேட்கவேண்டும். முடிவையும் அவரிடமே முதலில் சொல்லவேண்டும். விளங்காத நிலையென்றால், அவருடைய உயிரைக் காக்கும் சோதனை என்று மருத்துவர் தீர்மானிக்கவேண்டும், செய்தியைத் தேவையான காதுகளுக்கு மட்டும் சொல்லவேண்டும். கடினந்தான். ஆனால் கடினம் என்பதற்காகச் சோதிக்காமல் விடுவது நோயாளியைக் காப்பதாகாது.

எடை போட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இது. முதல் மணிநேரங்கள் பாரிசவாதத்துக்கே உரியவை, எச்.ஐ.வி. சோதனைக்காக இரத்தக் கட்டி கரைக்கும் மருந்தை ஒரு நிமிடமும் நிறுத்திவைக்கக்கூடாது. ஆனால் அன்றே எடுக்கும் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பார்ப்பதுபோல எச்.ஐ.வி.யும் பார்க்கவேண்டும். வயது 50க்குக் கீழே இருந்தால், முன்பே தலையிடியோ வலிப்போ இருந்தால், காரணம் தெரியாமல் மெலிந்திருந்தால், நாக்கில் வெண்படலம் இருந்தால், அண்மையில் அக்கி வந்திருந்தால், கட்டாயம்.

ஒரு பக்கம் விழுந்த அப்பாவோடு அல்லது அம்மாவோடு மாத்தளைக்கோ கண்டிக்கோ போகும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். விழுந்த நேரத்தோடு, விழுவதற்கு முந்திய ஒரு மாதத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையிடி, காய்ச்சல், வலிப்பு, மெலிவு எதையும் விடாதீர்கள். சொல்லி முடித்தபின், "எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுங்கள், டொக்டர்" என்று கேளுங்கள். விரைவுச் சோதனைக்கு ஒரு துளி இரத்தமும் அரை மணிநேரமும் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை.